விக்கல் மோட்டாரும் இஞ்ஞாசியின் காதும்

இஞ்ஞாசி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எந்தப் பாதியைத் தள்ளுவது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். ஆனாலும் தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கரையில் அவுட்போர்டு மோட்டாரைத் திறந்து, திறந்த மாதிரியே மூடத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். வேறு வழி இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு அவர் கொட்டகைக்கு நான் போயிருக்கவே மாட்டேன்.

என் பெயர் எஸ்தாக்கி. எனக்கு ஒரு வள்ளம், அதன் பின்னால் மாட்ட ஒரு பழைய மோட்டார். எட்டுக் குதிரை சக்தி என்று தகட்டில் போட்டிருக்கிறது. அதில் மூன்று குதிரையாவது எப்போதோ செத்துப்போயிருக்கும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் ரகம். வேகமாக ஓட்டினால் ஒரு குறை சொல்ல முடியாது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டால்தான் அதற்குச் சீக்கு வரும். டுப் டுப் டுப் என்று சீராகப் போகவேண்டியது, டுப்... டு... டுப்டுப் என்று விக்கி, இருமி, அணைந்துவிடும். ஐட்லிங் சரியில்லை என்பார்கள் மெக்கானிக்குகள். ஈஸ்டருக்குப் பிறகுதான் இந்த விக்கல் ஆரம்பித்தது. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது.

கரையில் நிற்பவர்களுக்கு இது சின்ன விஷயம். கடலிலிருந்து திரும்பும்போது, அலை மடங்கி உடைகிற இடத்துக்குக் கொஞ்சம் வெளியே மோட்டாரை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருக்கவேண்டும். பெரிய அலைகள் போனதும் சட்டென்று முறுக்கி உள்ளே வந்துவிடவேண்டும். அந்தக் காத்திருப்பில் மோட்டார் அணைந்தால் வள்ளம் அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பிவிடும். அந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை திரும்பியது. இரண்டாவது தடவை பொனிப்பாஸ் மாமா வள்ளத்தின் விளிம்பில் போய் மோதி, தாடையில் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்தார்.

பொனிப்பாஸ் மாமா என் மனைவி கித்தேரிக்குத் தாய்மாமா. என் வள்ளத்தில் என்னோடு வருகிற ஒரே ஆள் அவர்தான். அளந்து பேசுவார். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவங்களை எண்ணிச் சொல்லும்போது சாமியாரே கணக்கைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிற ஆள். அவர் தையலைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மருமவனே, ஞாயித்துக்கெழம நாலு மணி வர பாப்பேன். மோட்டாரு விக்காம ஓடுனா ஒங்கூட வாரேன். இல்லன்னா ரெமிஜியூஸ் வள்ளத்துல ஏறிருவேன். எனக்கு இன்னும் ஒரு தாடதான் பாக்கி."

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வரப்போகிற வாரம் யார் எந்த வள்ளத்தில் ஏறுவது என்பதை அன்று சாயங்காலத்துக்குள் பேசி முடித்துவிடுவார்கள். முடிந்தால் முடிந்ததுதான். மாமா போய்விட்டால் ஒற்றை ஆளாக வலையும் இழுத்து மோட்டாரும் பிடிக்க என்னால் ஆகாது. வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் படுத்துக் கிடக்கவேண்டியதுதான். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு இஞ்ஞாசி வேலையைத் தொடங்கினார். மோட்டாரை மரச்சட்டத்தில் மாட்டி, அதன் காலைத் தண்ணீர் நிரப்பிய நீல டிரம்முக்குள் இறக்கினார். பக்கத்தில் என் பெட்ரோல் டேங்க். குழாயைச் சொருகிக் கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் பிடித்தது. டுப். டு. டுப்டுப்டுப். டு... அணைந்தது.

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"பிளக்கு," என்றார். "நீரு வீட்டுலேருந்து இதத் தூக்கிட்டு வரும்போதே எனக்குக் கேட்டுட்டு."

"வரும்போது மோட்டாரு ஓடலியே வே," என்றார் பொனிப்பாஸ் மாமா. அவர் கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுத மோட்டார எவனும் கேட்டுருவான். ஓடாத மோட்டாரக் கேக்கதுக்குத்தாம் வே காது வேணும்."

பிளக்கைக் கழற்றினார். நனைந்து கறுப்பாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபடியே கதை தொடங்கியது. வாயும் கையும் ஒன்றாகத்தான் வேலை செய்யும் அவருக்கு. வாயை மூடிக்கொண்டு ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை.

"போன வருசம் சனிக்கெழம காலப் பூசையில நிக்கேன். சாமியாரு பிரசங்கம் வைக்காரு. கடல்ல நாப்பது வள்ளம் நிக்கி. நாப்பதும் ஓடுது. அதுல ஒரு மோட்டாருல பிளக்கு இடைவெளி ஒரு தலமுடி அகலம் கூட. கேக்குது எனக்கு. பூசையில நிம்மதியா நிக்க முடியல. நடுவுல வெளிய போயி, கரையில நின்னு, 'எல, பிளக்கத் தட்டிப் போடுல'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். அம்புட்டுத்தான். அடுத்த நிமிசம் சரியாப் போச்சு."

"எத்தன மைலு?" என்றார் மாமா.

"பன்னெண்டு."

"பன்னெண்டு மைலுக்கு ஒம்ம சத்தம் அவனுக்குக் கேட்டுதா?"

"அவனுக்கு எங்க கேக்கும், அவன் செவிடன்லா. மோட்டாருக்குக் கேட்டுது."

பிளக்கை மாட்டி இழுத்தார். டுப். டு. டுப்டுப். அணைந்தது.

"நான் சொன்னேம்லா, பிளக்கு மேல தப்பில்லன்னு," என்றார் இஞ்ஞாசி.

"இப்பத்தான வே பிளக்குன்னீரு?"

"பிளக்கப் பாக்கணும்னேன். பாத்தாச்சு. அடுத்தால கார்புரேட்டரு."

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற அந்தப் பாகத்தை அவர் கழற்றுகிற லாவகத்தைக் குறை சொல்ல முடியாது. நான்கு திருகில் கையோடு வந்தது. அடியில் இருக்கிற சின்னக் கிண்ணத்தைத் திறந்து, உள்ளே இருந்ததை மணலில் ஊற்றினார். ஊற்றும்போது அவர் கண் கிண்ணத்தில் இல்லை, எங்கள் முகத்தில் இருந்தது. ஏனென்றால் அடுத்த கதை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

"தெக்கூர்ல ஒருத்தருக்கு இப்பிடித்தான் ஐட்லிங் வச்சுக் குடுத்தேன். மோட்டாரு ஓடுது. மூடி மேல ஒரு டம்ளரு டீய வச்சேன். வழிய வழிய டீ. பாத்துக்கிடும், ஒரு சொட்டு சிந்தல. டீ மேல ஆடை படியுது. ஈ ஒண்ணு வந்து அந்த ஆடை மேல ஒக்காந்து தூங்கிட்டு. அந்தாளு வந்து பாத்துட்டு, மோட்டாரு ஓடலன்னு நெனச்சு கயித்த இழுத்துட்டாரு. அதுக்கு வந்துதே கோவம்! ஓடிக்கிட்டிருக்க என்னிய எதுக்குல இழுக்கன்னு மூணு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுட்டு."

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டுன்னா?"

"எந்தப் பக்கம் போனாலும் முதுகத்தாம் வே காட்டுச்சு."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். நானும் பார்த்தேன். இஞ்ஞாசி மட்டும் பார்க்கவில்லை. ஊசி முனையளவு ஓட்டை உள்ள ஜெட்டை வாயில் வைத்து ஊதினார், கம்பி விட்டுக் குடைந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை பளிச்சென்று இருந்தது. திரும்ப மாட்டி இழுத்தார். மோட்டார் முன்னைவிட மோசமாக விக்கியது.

"இப்பத்தான் வழிக்கு வருது," என்றார்.

நான் இடையில் புகுந்தேன். "அண்ணே, நாலு மணிக்கு இது சரியாகலன்னா எம் பொழப்பு போச்சு. கதைய அப்புறம் சொல்லுங்க."

"தம்பி எஸ்தாக்கி, ஐட்லிங்குங்கது பொறுமைக்குள்ள சோலி. அவசரப்பட்டா நடக்காது. ஒரு மோட்டாருக்கு நான் கொறச்சுக் கொறச்சு எங்க கொண்டுபோயி நிறுத்துனேன் தெரியுமா? ஒரு டுப்புக்கும் மறு டுப்புக்கும் நடுவுல அம்பத்துமூணு மணி செபமாலைய முழுசாச் சொல்லி முடிச்சேன். அதுவும் போதலன்னு ஸ்க்ரூவ இன்னும் கொஞ்சம் திருப்புனேன். ஒரு டுப்பக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயி, சோறு தின்னு, ஒரு ஒறக்கம் போட்டுட்டு வந்து நின்னேன். அடுத்த டுப்பு அப்பத்தான் வருது."

"மோட்டாரு அணஞ்சிருக்கும் வே," என்றார் மாமா.

"அணஞ்சு கெடக்கதுக்கும் அடுத்த டுப்புக்கு யோசிச்சுக்கிட்டு நிக்கதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுட்ட நான் என்னத்தச் சொல்ல?"

இதைச் சொல்லிவிட்டு இஞ்ஞாசி, பெட்ரோல் கலவையை உள்ளே விட்டுத் திரும்ப வெளியே வராமல் தடுக்கிற மெல்லிய தகடுகளைப் பார்க்க மோட்டாரின் மார்பைத் திறந்தார். தகடு உடைந்திருந்தாலும் இப்படித்தான் விக்குமாம். உடையவில்லை. விளிம்பில்கூடச் சேதமில்லை. தகடுகளைத் துடைத்துக்கொண்டே, அவர் வைத்த ஐட்லிங்கில் ஒரு மோட்டார் பெட்ரோல் குடிப்பதைக் குறைத்துக் குறைத்து ஒரு கட்டத்தில் நிறுத்தியே விட்டதைச் சொன்னார்.

"நிறுத்துனதோட விட்டுருக்கணும். எங் கை சும்மா இருக்கல. இன்னும் கால் திருப்பு திருப்பிட்டேன். பெட்ரோலு திரும்பி டேங்குக்குப் போவ ஆரம்பிச்சுட்டு. காலம்பற பத்து லிட்டரோட போனவரு, சாயங்காலம் பதினோரு லிட்டரோட வாராரு."

"ஆயிலு?" என்றேன் நான். கேட்டிருக்கக் கூடாது.

"கலந்துதாம் வே வந்துது. அளவுகூடத் தப்பல."

மூன்றே கால். எல்லாவற்றையும் மூடி இழுத்தார். டுப். டு. அணைந்தது. மறுபடி இழுத்தார். டு. அதோடு சரி. இப்போது டுப் என்று முழுசாகச் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை. இஞ்ஞாசியின் நெற்றியில் வியர்வை. அவருக்கு வாய் காய்ந்துபோயிருந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த மாதிரி சமயத்தில் வேறு யாராக இருந்தாலும் பேச்சைக் குறைத்திருப்பார்கள். இஞ்ஞாசி பேச்சை ஏற்றினார்.

"மோட்டாருல ஒண்ணுமில்ல வே. கடல்லதான் கோளாறு. கடலுக்கே ஐட்லிங் சரியில்ல."

மாமா மெதுவாகத் தலையைத் திருப்பினார். "என்னது?"

"ஆமா வே. ரெண்டாயிரமோ ரெண்டாயிரத்து ஒண்ணோ, இந்தக் கரையில அலை விக்க ஆரம்பிச்சுது. ஒரு அலை வரும், அடுத்தது வராது, அப்புறம் மூணு சேந்து வரும். நான் ஸ்க்ரூ டிரைவரக் கடிச்சுக்கிட்டு முங்குனேன். பதினெட்டுப் பாகம், நூறு அடிக்கு மேல ஆழத்துல இருக்கு அந்த ஸ்க்ரூ. அது இருக்க எடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னொருத்தரு செத்துட்டாரு. கால் திருப்புதான் திருப்புனேன். மேல வந்து பாக்கேன், கடலு பூனை மாதிரி கெடக்கு. இன்னுங் கொஞ்சம் திருப்பிருந்தா தூத்துக்குடித் துறைமுகத்துல கப்பலு தரை தட்டிருக்கும்."

"அப்ப இந்தத் தாடையக் கிழிச்ச அலை?" மாமா தையலைக் காட்டினார்.

"அதத்தாம் வே சொல்லுதேன். ஸ்க்ரூ லூசாயிட்டு. எறங்கணும். எங்க நேரம் கெடைக்கி?"

மாமா பெட்டியிலிருந்து எழுந்து வேட்டியை உதறினார். மணி மூன்றரை தாண்டியிருந்தது. "மருமவனே, நான் ரெமிஜியூஸப் பாக்கப் போறேன்," என்றார். நான் வாசலை மறித்தேன்.

அப்போதுதான் கித்தேரி வந்தாள். கையில் ஒரு போத்தல். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே பெட்ரோல் டேங்குக்குப் போனாள். மூடியைத் திறந்தாள். நெற்றியில் சிலுவை போட்டு, உதட்டை அசைத்து ஏதோ சொல்லி, போத்தலில் இருந்ததில் பாதியை டேங்குக்குள் ஊற்றினாள். மூடியைப் பழையபடி இறுக்கிவிட்டு மறுபடி சிலுவை போட்டாள்.

நான்தான் கேட்டேன். "என்னது அது?"

"ஈஸ்டர் ராத்திரி கோயில்ல மந்திரிச்ச தண்ணி."

"அத எதுக்கு அதுக்குள்ள ஊத்துத?"

"என்னங்க இப்பிடிக் கேக்கிய? கடலுக்குப் போற சாமான்லா. மொத வாரம் ஒரு மூடிதான் ஊத்துனேன், நீங்க பத்திரமா வரணும்னு. அப்புறம் மோட்டாரு விக்குதுன்னு சொன்னிய. அதனால ரெண்டு மூடி ஊத்துனேன். அப்பயும் விக்குச்சு. மாமாக்கு அடிபட்ட பெறவு பயந்துபோயி தெனமும் கால் டம்ளரு ஊத்துதேன். இன்னைக்கு நாலு மணிக் கெடுன்னியளே, அதாம் அரப் போத்தலா ஊத்திட்டேன்."

இஞ்ஞாசி ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்தார். டேங்கின் அடியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி அதில் பிடித்தார். தூக்கிக் காட்டினார். மேலே ஆயில் கலந்த பெட்ரோல் லேசான பச்சையாக நின்றது. கீழே நான்கு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். வேகமாக ஓடும்போது மோட்டார் அதை எப்படியோ விழுங்கித் தொலைத்திருக்கிறது. மெதுவாக ஓடும்போது தொண்டையில் நின்றிருக்கிறது.

கித்தேரி அந்தக் கண்ணாடிப் போத்தலைப் பார்த்தாள். பிறகு மாமாவின் தாடையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அப்ப மாமா தாடையக் கிழிச்சது நாந்தானா?" என்று கேட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. ஒவ்வொரு மூடியும் நான் திரும்பி வரவேண்டும் என்று ஊற்றியது. மாமா அவள் பக்கத்தில் போய் நின்றார். தலையில் கை வைத்தார். அதோடு சரி, அவருக்கு அதற்கு மேல் தெரியாது.

இஞ்ஞாசியின் கை வேகமாக ஓடியதை அன்றுதான் பார்த்தேன். வாய் அடைத்துக் கிடந்தும் கை நிற்கவில்லை. டேங்கைக் காலி செய்தார். அடியில் கிடந்த மந்திரித்த தண்ணீரை மிதிபடுகிற இடத்தில் ஊற்ற மனமில்லாமல், ஒரு பழைய கேனில் பிடித்து மாதா படத்துக்குக் கீழே வைத்தார். குழாயைக் கழுவினார், கார்புரேட்டரை மறுபடி திறந்து துடைத்தார், தன் பெட்ரோலைத் தானே அளந்து ஆயில் கலந்து ஊற்றினார். கயிற்றை இழுத்தார்.

டுப் டுப் டுப் டுப் டுப்.

எனக்கு அந்தச் சத்தத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. மாமா முழுதாக ஐந்து நிமிடம் நின்று கேட்டார். ஒரு டுப்பும் தவறவில்லை. அவர் வாயைத் திறக்குமுன் வாசலில் ஆள் சத்தம் கேட்டது.

மணி நாலு. மாமாவின் கெடுவைக் கேள்விப்பட்டு ரெமிஜியூஸ் வந்துவிட்டார், கூட நாலைந்து பேரோடு. ரெமிஜியூஸிடம் மூன்று வள்ளமும் ஒரு பெரிய வாயும் உண்டு. அவர் காதில் சாயங்காலம் விழுந்தது காலைப் பூசைக்குள் பக்கத்து ஊருக்குப் போய்விடும். எங்கள் கரையில் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் பேரன் பேத்தி வரைக்கும் அதுதான் பெயர். மந்திரித்த தண்ணீரை மோட்டாருக்கு ஊற்றிப் புருஷனையும் மாமாவையும் கடலில் கவிழ்க்கப் பார்த்தவள் என்று கித்தேரிக்கு ஒரு பெயர் விழுந்தால் அவள் தண்ணீர்ப் பைப்புக்குக்கூடப் போக முடியாது. ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தால், அந்த வெட்கத்தில் மாமாவும் என் வள்ளத்தில் ஏறமாட்டார்.

"என்ன மாமா, போவமா?" என்றார் ரெமிஜியூஸ். மோட்டார் சத்தத்தைக் கேட்டு முகம் சுருங்கியது. "ஓ, சரியாயிட்டோ? என்ன கோளாறாம்?" அவர் கண் மணலில் உட்கார்ந்திருந்த கித்தேரியின்மேல் போனது. "இந்தப் பிள்ள எதுக்கு அழுது? கையில என்ன போத்தலு?"

கித்தேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இஞ்ஞாசி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கோளாறா? சொன்னா நம்பமாட்டீரு. கார்புரேட்டருக்குள்ள ஒரு திருக்கை மீனு குட்டி போட்டுருந்துச்சு."

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க வே. கிண்ணத்தத் தெறக்கேன், தாயும் குட்டியுமா கெடக்கு. இது டுப்புங்கும்போது ஒரு குட்டி வாலத் தூக்கி ஓட்டைய அடைக்கும். எடுக்கும். அடைக்கும். அதாம் விக்கலு. எல்லாத்தையும் இந்தப் பிள்ளதான் போத்தல்ல அள்ளிக் கொண்டுபோயி கடல்ல விட்டுட்டு வருது. விடும்போது தாய் ஒரு பக்கமும் குட்டியெல்லாம் ஒரு பக்கமும் போயிட்டாம். அதச் சொல்லிச் சொல்லி அழுது. எளகுன மனசுலா."

ரெமிஜியூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, மாமா பக்கம் திரும்பினார். "ஒம்ம புளுகெல்லாம் இருக்கட்டும் இஞ்ஞாசி. பொனிப்பாஸ் மாமா, நீரு சொல்லும். நீரு பொய் சொல்லமாட்டீரு. உள்ள என்ன இருந்துது?"

மாமா தையலைத் தடவினார். முந்தானைக்குள் இருந்த கித்தேரியைப் பார்த்தார். அவர் முகம் வைத்தியரிடம் ஊசி போட நிற்பவர் முகமாக இருந்தது.

"திருக்கைதான்," என்றார். "நாங் கண்ணால பாத்தேன்." கொஞ்சம் யோசித்தார். "ஏழு குட்டி. நாந்தான் எண்ணுனேன். நாளைக்கு நான் எஸ்தாக்கி வள்ளத்துலதான், நீ போ."

ரெமிஜியூஸின் சிரிப்பு நின்றுபோனது. கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல எட்டிக் கார்புரேட்டரைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்த இஞ்ஞாசி, மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். மனம் நொந்த குரலில் சொன்னார்:

"அஞ்சு குட்டிதாம் வே இருந்துச்சு. ஒம்ம வயசுக்கு இப்பிடிப் புளுகப்பிடாது, பாத்துக்கிடும்."